பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார்

கடந்த தீபாவளி விடுமுறையில் கும்பகோணத்து வீட்டின் கூடத்தில் 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வாங்கி மாட்டியிருந்த புதிய அகலத் தொலைக்காட்சி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து நான் தேடி எடுத்த பழைய டிவிடி, தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா. படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏண்டி, நாகேஷ் எப்போ இவ்வளவு குண்டா இருந்தான்?" என்று கேட்டார்.

அம்மா கேட்டது சரியான கேள்வி. 1964இல் ஸ்ரீதர் அந்தப் படத்தை எடுத்தபோது தமிழில் அகலத்திரை இல்லை. முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வெளிவர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. ஏறக்குறைய சதுரமான, நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்த சட்டகத்துக்குள்தான் காட்சிகள் அமைக்கப்பட்டன. அந்தச் சட்டகத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்ற இன்றைய திரை முழுவதும் பரவுமாறு இழுத்துவிட்டால், ஒவ்வொரு மனிதரும் இருக்க வேண்டிய அகலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துவிடுகிறார்கள். டி. எஸ். பாலையா பருத்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் நாகேஷ் பருத்தால் நாகேஷே இல்லை. மூங்கில் கழி போன்ற அந்த ஒடிசலான உடம்பு வளைவதையும் ஒடிவதையும், கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்ப் பிறகு ஒன்று சேர்வதையும் பார்த்துத்தான் இரண்டு தலைமுறைகள் சிரித்தன.

ரிமோட்டில் தேடிப் பிடித்து விகிதத்தைச் சரிசெய்தேன். திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வந்தன. நடுவில் நாகேஷ் தன் பழைய உருவத்துக்குத் திரும்பினார். அம்மா அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த விடுமுறையின் ஐந்து நாள்களிலும் நாங்கள் பழைய நகைச்சுவைப் படங்களையே பார்த்தோம். ஒரு நாயகனும் அவனுக்குத் துணையாக ஒரு நகைச்சுவை நடிகரும் என்ற வகைப் படங்கள் அல்ல. வீடு கொள்ளாத ஆட்கள், ஆளுக்கொரு பொய், ஒருவர் பொய் மற்றவர் காலைத் தட்டிவிடும் கூட்டுக் கூத்துப் படங்கள். அவற்றை வீட்டில் உட்கார்ந்து, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, முப்பது நாற்பது ஆண்டுகளாக நான் பார்க்கத் தவறிய ஒன்று புலப்பட்டது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

இந்தப் படங்களை எங்கள் தலைமுறை பெரும்பாலும் நல்ல நிலையில் பார்த்ததே இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். எண்பதுகளில் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது விசேஷம் என்றால், டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் கருவி, வாடகைக்கு எடுப்பார்கள். ஓர் இரவுக்கு மூன்று கேசட்டுகள். அவற்றில் ஒன்றாவது பழைய நகைச்சுவைப் படமாக இருக்கும், ஏனென்றால் பாட்டிகளும் குழந்தைகளும் சேர்ந்து விழித்திருக்க வேண்டும். பலமுறை பிரதி எடுக்கப்பட்ட கேசட்டில் நிறங்கள் கசிந்து ஒன்றோடொன்று கலந்திருக்கும். திரையின் அடியில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் விளம்பர வரி ஊர்ந்துகொண்டே போகும். 'காதலிக்க நேரமில்லை'க்காக ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் ஈஸ்ட்மென் கலரில் எடுத்த அந்த வெளிச்சமெல்லாம் எங்களுக்கு ஒரே செம்மண் நிறமாகத்தான் தெரிந்தது.

பிறகு விசிடி வந்தது. கேசட்டைவிடத் தெளிவு என்று எல்லோரும் சொன்னோம். அது பாதிதான் உண்மை. ஒரு விசிடியில் எழுபத்து நான்கிலிருந்து எண்பது நிமிடம் வரைதான் அடங்கும் என்பதால், படம் இரண்டு மூன்று தட்டுகளாக உடைந்து வந்தது. அதன் படத்தில் 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே உண்டு. அந்தச் சிறிய கொள்ளளவுக்குள் அடைப்பதற்காக, ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறிய பகுதிகளை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதைச் சுருக்கிவிடும் முறையில் அது இயங்கியது. ஒருவர் நின்றுகொண்டு வசனம் பேசினால் படம் தெளிவாக இருக்கும். ஒருவர் வழுக்கி விழுந்தாலோ நான்கு பேர் ஒரே நேரத்தில் ஓடினாலோ, திரை முழுவதும் மாறுவதால் படம் சிறுசிறு கட்டங்களாகச் சிதறிவிடும். அதாவது, கண்ணீர்க் காட்சிகளுக்கு எந்தக் குறையும் வைக்காத அந்த நுட்பம், விழுந்து புரளும் நகைச்சுவையைத்தான் குறிபார்த்துச் சிதைத்தது. டிவிடி இந்தக் குறையைப் பெருமளவு போக்கியிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் இருக்கும் தட்டுகளில் ஒன்றில், விலை குறைவாக விற்க வேண்டும் என்பதற்காக ஒரே தட்டில் மூன்று முழுப் படங்களை நெருக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்றில் இரண்டு பாடல்களே காணாமல் போயிருக்கின்றன. அதை வாங்கிய நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது இணையத்தில் கிடைக்கும் சில பிரதிகளில் வேறு வகையான சேதம் நடக்கிறது. பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகள் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது என்று எண்ணி, பழைய சட்டகத்தின் மேலேயும் கீழேயும் வெட்டி, நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கித் திரையை நிரப்புகிறார்கள். உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. தலைமுடியும் பாதமும்தானே போகிறது என்று சிலர் நினைக்கலாம். விழுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமானால், விழுவதற்கு முன் அந்தக் கால் எங்கே இருந்தது என்பது தெரிய வேண்டும். கால் தடுமாறும் அந்த நொடியில்தான் சிரிப்பு கருக்கொள்கிறது, உடம்பு தரையைத் தொடும்போது அது வெடிக்க மட்டுமே செய்கிறது. காலை வெட்டிவிட்டால் காரணமில்லாமல் ஒரு மனிதர் திரையிலிருந்து மறைவது மட்டுமே மிஞ்சும்.

இனி, 'காதலிக்க நேரமில்லை'யின் அந்தக் கதை சொல்லும் காட்சிக்கு வருகிறேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாகப் பாலையா, அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷ். சொந்தமாகப் படக் கம்பெனி வைத்துப் படம் எடுக்கப் போகிறேன், அதற்கு நீங்கள் பணம் போட வேண்டும் என்று மகன் நச்சரிக்கிறான். சரி, கதையைச் சொல் என்று அப்பா உட்காருகிறார். மகன் சொல்வது பேய்க்கதை. காற்று வீசும் ஓசையிலிருந்து எல்லா ஓசைகளையும் வாயாலேயே எழுப்பிக்கொண்டு, அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்கிறான். அப்பா பயத்தில் சுருண்டுபோகிறார்.

இதை நான் நாகேஷின் காட்சி என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'நாகேஷ் கதை சொல்ற சீன்' என்பதுதான். அன்று அண்ணன் மகள், பதினொரு வயதுக்காரி, அதை இரண்டாம் முறை போடச் சொன்னாள். மூன்றாம் முறை போட்டபோது அவளாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். திரைக்கு அருகே போய் நின்றுகொண்டு, உள்ளங்கையால் நாகேஷை மட்டும் மறைத்தாள். நாகேஷ் நகரும் இடமெல்லாம் கையும் கூடவே நகர்ந்தது. பாலையாவின் முகம் மட்டும் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் முன்பைவிட அதிகமாகச் சிரித்தோம். பிறகு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று பாலையாவை மறைத்தாள். கூடத்தில் சிரிப்பு சட்டென்று வற்றிவிட்டது. ஓர் இளைஞன் மிகுந்த திறமையோடு பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தான். சற்றுப் பயமாகக்கூட இருந்தது. "அத்தை, இவர் பயப்படுறதாலதான் அவர் காமெடியா தெரியுறாரு" என்றாள் அவள்.

அவள் சொன்னதற்குமேல் அந்தக் காட்சியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதிகமில்லை. ஆனாலும் பாலையாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். 1936இல் 'சதி லீலாவதி'யில் அறிமுகமானவர் அவர், எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். நாடகக் கம்பெனிகளில் பயின்று, வில்லனாகப் பெயரெடுத்து, மிரட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு நடிகர். அப்படிப்பட்டவர் பயப்படும்போதுதான் அந்தப் பயத்துக்கு எடை கூடுகிறது. தொடக்கத்தில் மகனை அலட்சியமாகத்தான் பார்க்கிறார். பயம் ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. முதலில் கண்ணுக்கு வருகிறது, அதன்பின் உதட்டுக்கு. முதலாளிக்குரிய மிடுக்கு ஒன்றுமில்லாமல் கரைந்து, அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பேசுவது நாகேஷ், பாலையாவின் வேலை கேட்பது மட்டுமே. கேட்பதையே ஒருவர் இத்தனை வகையாகச் செய்ய முடியும் என்பதை, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி கைக்கு வந்த பிறகுதான் நான் கண்டுகொண்டேன்.

ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து அமைத்த அந்தத் திரைக்கதையை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தால், படம் முழுவதும் ஒரே கணக்குதான் ஓடுகிறது: இந்த இடத்தில் யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது? வேலை போன அசோக் (நடித்தவர் ரவிச்சந்திரன், அவருக்கு முதல் படமே இது) முதலாளியின் பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்து உட்கார்ந்து, பிறகு தன்னைப் பெரிய பணக்காரரின் மகன் என்று சொல்லிக்கொள்கிறான். அந்தப் பொய்க்கு ஒரு பணக்காரத் தந்தை தேவைப்படுவதால், நண்பன் வாசுவாக வரும் முத்துராமன் நரைத்த தாடி மீசையோடு கிழவராக வந்து சேர்கிறார். அடுத்தவர்களை அதட்டியே பழகிய விஸ்வநாதன், தன்னைவிடப் பணக்காரர் என்று நம்பி ஒரு வாலிபப் பையன் முன் குழைந்து நிற்கிறார். சட்டகத்துக்குள் நால்வர் நின்றால் நால்வருக்கும் தெரிந்தவை வேறு வேறு. நமக்கு மட்டும் அனைத்தும் தெரியும். அதனால்தான் பேசுபவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் முக்கியமாகிறது. 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று அழவைத்துப் பெயர்வாங்கிய ஸ்ரீதருக்கு இந்தக் கணக்கு எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது என்று சிலர் வியக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஒருவர் மனத்தில் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவருடைய சோகப் படங்களின் அச்சும்; அதே அச்சை அவர் சற்றுத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். இதே படத்தை இந்தியில் 'பியார் கியே ஜா' என்று அவரே 1966இல் எடுத்தார். நாகேஷின் இடத்தில் மெஹ்மூதும் பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷும் நடித்தார்கள். அங்கும் அந்தக் கதை சொல்லும் காட்சிதான் இன்றுவரை பேசப்படுகிறது.

மறுநாள் பார்த்தது 'காசேதான் கடவுளடா'. சித்ராலயா கோபு தம்முடைய மேடை நாடகத்தையே 1972இல் ஏவி.எம்.முக்காகப் படமாக இயக்கினார். தேங்காய் சீனிவாசனின் போலிச் சாமியார் வேடத்தையும் மனோரமாவின் கண்டிப்பையும் பார்த்து அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அதில் கவனிக்கக் கிடைத்தது மேடையின் சாயல். பல காட்சிகளில் ஆட்கள் வரிசையாகவோ அரைவட்டமாகவோ நிற்கிறார்கள். எவரும் எவரையும் மறைப்பதில்லை. மேடையில் அப்படித்தான் நிற்க வேண்டும். சபா நாடகத்திலிருந்து தமிழ் நகைச்சுவைப் படத்துக்கு வந்த பெரிய சொத்து வசனம் என்று சொல்வார்கள்; பேசாதபோதும் மேடையில் நடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கம் அதைவிடப் பெரிய சொத்து என்பது என் எண்ணம்.

'மைக்கேல் மதன காமராஜன்' படத்தை நான்காம் நாள் வரை ஒதுக்கி வைத்திருந்தேன். அதை 1990 தீபாவளிக்கு வெளிவந்த முதல் வாரத்திலேயே அப்பா எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். அன்று அரங்கில் எனக்குப் பாதி வசனம் கேட்கவில்லை. கிரேசி மோகன் எழுதிய ஒரு வரிக்கு அரங்கம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வரிகள் ஓடிப்போயிருக்கும். கிண்டியில் பொறியியல் படித்து, 1976இல் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தின் மூலம் அந்த அடைமொழியைப் பெற்றவர் அவர். மேடையில் என்றால் நடிகர்கள் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருப்பார்கள். படச்சுருள் யாருக்காகவும் பொறுக்காது. ஆகவே அந்தப் படத்தின் வசனத்தைத் தமிழ்நாடு முழுமையாகக் கேட்டது வீட்டில்தான், கேசட்டிலும் கேபிளிலும்தான். ஓர் ஊரே சேர்ந்து சிரித்த அந்த அதிர்வை வீட்டுக் கூடத்தில் எந்தத் தட்டும் தராது. அதற்கு ஈடாக, அன்று சிரிப்பில் மூழ்கிப்போன வரிகளை ஒவ்வொன்றாக மீட்டுத் தருகிறது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், அப்பா பக்கத்தில் இருந்த அந்த அரங்கம்தான் என்று சொல்வேன்.

சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய அந்தப் படத்தில் கமல்ஹாசனுக்கு நான்கு வேடங்கள்: திருடன் மைக்கேல், தொழிலதிபர் மதனகோபால், பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன், தீயணைப்பு வீரர் ராஜு. எல்லோரும் அந்த நால்வரைப் பற்றியே பேசுகிறோம். கையில் ரிமோட் இருந்ததால் இந்த முறை நான் நால்வரையும் விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தேன். கல்யாணப் பந்திக்கான சாம்பாரில் மீன் கிடக்கிறது, காமேஸ்வரன் தவிக்கிறார். அந்தத் தவிப்புக்குச் சூடு ஏற்றுவது வளர்ப்புத் தந்தையாக வரும் டெல்லி கணேஷ். எஸ்.என். லட்சுமியின் பாட்டியோ எந்தக் கூட்டத்தில் நின்றாலும் கண் ஏதாவது ஒரு பொருளின் மேல் இருக்கிறது. கதை வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும்போது அவர் தம் கைவரிசையில் கவனமாக இருக்கிறார்.

பிறகு நாகேஷ். முதலாளியின் பணத்தைக் கையாடிய அவினாசியாக வருகிறார். 1964இல் பாலையாவைச் சுற்றிச் சுற்றி வந்து பயமுறுத்திய அந்த இளைஞன், இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, பயப்படும் நாற்காலிக்கு இடம் மாறியிருக்கிறார். ஒரே முகம் கொண்டவர்கள் மாறி மாறி வந்துபோகும் வீட்டில், தன் குட்டு யாருக்குத் தெரியும், யார் முன்னால் நடுங்க வேண்டும் என்பது அவருக்கு விளங்குவதே இல்லை. அவருக்கு அருகே மெய்க்காவலன் பீமாக நிற்பவர் பிரவீன் குமார். வட்டெறிதலில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இருமுறை தங்கம் வென்றவர், தொலைக்காட்சி மகாபாரதத்தின் பீமன். அந்த மலை போன்ற உருவமும் நாகேஷின் எலும்பும் தோலுமான உருவமும் அருகருகே நிற்பதே பாதி நகைச்சுவை. பாலையாவிடம் அன்று பார்த்த அதே படிப்படியான சரிவை, கண்ணில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் அந்தப் பயத்தை, நாகேஷ் தமக்கே உரிய அவசரத்தோடு செய்கிறார். பாலையா 1972இல் மறைந்தார். அவருக்கு எதிரே நின்று கதை சொன்ன அந்தப் படப்பிடிப்பு நாளை நாகேஷ் மறக்காமல் வைத்திருந்தார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

படத்தின் முடிவில் எல்லோரும் மலையுச்சியின் விளிம்பில் நிற்கும் ஒரு வீட்டுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். வீடு சாய்ந்து ஆடுகிறது. சார்லி சாப்ளினின் 1925ஆம் ஆண்டுப் படமான 'த கோல்ட் ரஷ்'ஷிலிருந்து வந்த காட்சி அது. சாப்ளினின் குடிசையில் இரண்டே பேர். அங்கே ஆபத்து தூய்மையானது: ஒருவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் மற்றவர் அந்தப் பக்கம் நகர வேண்டும், இல்லையேல் பள்ளம். இங்கே வீட்டுக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே இருக்கிறது. திருடனும் போலியும் பாட்டியும் காதலியும் பணத்தைக் கையாடியவரும், ஆளுக்கொரு வழக்கோடும் ஆளுக்கொரு எடையோடும். ஒருவர் கோபத்தில் ஓரடி எடுத்துவைத்தால் மற்ற எல்லோரும் சரிகிறார்கள். முதன்முறை பார்த்தபோது நான்கு கமல்களும் ஒன்றாக நிற்பதைப் பார்த்தே வாய்பிளந்தேன். கணினி வரைகலை நம் படங்களுக்கு வந்திராத காலத்தில், சட்டகத்தின் ஒரு பகுதியை மறைத்து மறைத்துப் பலமுறை படமெடுத்துச் சேர்த்த உழைப்பு அது. அதற்கு இன்றும் தலைவணங்குகிறேன். ஆனால் இந்த முறை என் கண் ஓரங்களில்தான் இருந்தது. வசனமில்லாத ஒருவர்கூடத் தரை சாயும்போது தம் உடம்பு எப்படிச் சாய வேண்டும் என்பதை மறக்கவில்லை.

ஐந்தாம் நாள், ஊருக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை அந்தப் பேய்க்கதையைப் பார்த்துவிடலாம் என்று அண்ணன் மகள் கெஞ்சினாள். டிவிடி கருவியை அதற்குள் பெட்டியில் கட்டியாகிவிட்டது. கைப்பேசியில் தேடியபோது முதலில் வந்தது மேலும் கீழும் வெட்டிய பிரதி. அவள் அரை நிமிடம் பார்த்தாள். "இதுல தாத்தாவோட கை தெரியலை அத்தை" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியின் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.